பாறைக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு டிராக்டர்

நில அலுவலகத்திலிருந்து வந்தவர், காலணியில் ஒட்டிய சேற்றை எங்கள் கோஸ் பாத்தி ஓரத்துக் கல்லில் தேய்த்துக்கொண்டே கையை மேலே காட்டினார். கீழ்ப்பாதியில் கோஸும் தக்காளியும் கொஞ்சம் பீன்ஸும் இருந்தன. மேல்பாதியில் லாலாங் புல்லும் பெரணியும் ஆள் மறையும் உயரத்துக்கு நின்றன.

"பாதி நிலம் சும்மா கிடக்கிறதே," என்றார் மலாயில். "ஆறு வாரம் கழித்து வருவேன். அப்போதும் இப்படியே இருந்தால் மேல்பாதியை வேறு ஆளுக்கு எழுதிவிடுவார்கள். கேட்டுக்கொண்டு எத்தனையோ பேர் நிற்கிறார்கள்."

அப்பாவுக்கும் மலாய் தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்த்தார். நான் படித்தவள், இந்தச் சொற்களுக்கு இதைவிட நல்ல அர்த்தம் ஒன்று எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கும் அதே அர்த்தம்தான் தெரிந்தது.

அப்பா இருபத்தைந்து வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடித்தவர். கவாத்து வெட்டுகிறவர்கள் நாள் முழுக்க இடுப்பை வளைத்தே நிற்பார்கள். செடி நிமிரும், ஆள் நிமிரமாட்டார். ஐம்பதைத் தாண்டியதும் வேலையை விட்டுவிட்டு, திரிங்காப்புக்குப் போகும் வழியில், தோட்டத்து எல்லையை ஒட்டி இரண்டு ஏக்கர் அரசு நிலத்துக்கு உரிமம் எழுதி வாங்கினார். எங்களுக்குச் சொந்தமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததால் தோட்டம் தந்த லயத்து வரிசை வீடு எங்களிடம் இருந்தது. அந்த உரிமத் தாளில் அப்பாவின் பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் சாட்சியாக என் கையெழுத்து இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் ஒரு தாளில் பேனாவால் எழுதியதில்லை. ஐந்தாம் படிவம் முடித்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு உதவியாக டைப் அடிக்கச் சேர்ந்திருந்தேன். எனக்கு இருபது வயது. அந்தக் கையெழுத்தை நான் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தேன்.

கையெழுத்து நிலத்தைத் திருத்தாது. அப்பா ஒரு நாள் முழுக்க மண்வெட்டி போட்டால் எங்கள் லயத்து வீட்டு அளவுக்குத் திருத்துவார். மறுநாள் பாயிலிருந்து எழுந்திருக்கமாட்டார். கூலிக்கு ஆள் தேடினோம். மழைக்கு முந்தைய அந்தப் பருவத்தில் எல்லாத் தோட்டங்களிலும் வேலை. கம்போங் ராஜா வரை போய்க் கேட்டும் ஒருவர் கிடைக்கவில்லை.

"டிராக்டர் வாங்குவோம்பா," என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "டிராக்டர் தொரைங்க வாங்குறது."

"சின்ன டிராக்டர் வந்திருக்குப்பா. ஜப்பான்காரன் செய்யிறான். கியா பார்ம்ல ஒரு சீனர் வச்சிருக்காரு. நான் போய்ப் பாத்தேன்."

"எப்ப போன?"

"போன ஞாயிறு."

"சினேகிதி வீட்டுக்குப் போறேன்னு சொன்ன."

"அவ வீடு அந்தப் பக்கந்தான்," என்றேன். அம்மா சிரிப்பை மறைக்க அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அப்பாவுக்கு வேறொரு யோசனை இருந்தது. கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்துபோகும் உழவு இயந்திரம் ஒன்று உண்டு. அதன் விலை பாதிகூட இல்லை. ஆனால் அது கல்லில் மோதித் துள்ளும்போது பிடித்து நிறுத்துவது ஆளின் இடுப்புதான். அவருக்கு இல்லாமல் போனதே அந்த இடுப்பு. இதை நான் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, சட்டை மாட்டிக்கொண்டே, "ஒக்காந்து ஓட்டுறதுதானே நீ சொல்றது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் சேமநிதிப் பணத்தில் மிச்சமிருந்ததை எடுக்கச் சம்மதித்தார்.

செய்தி கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போக அரை நாள்கூட ஆகவில்லை. அம்மாவின் கும்பலுக்குக் கங்காணியாக இருந்தவர், தராசின் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"என்னா, ஒம் மக டிராக்டர் ஓட்டப் போவுதாமே? தேயிலச் செடியெல்லாம் வழிவுட்டு ஒதுங்கி நிக்கணும் போலருக்கே!"

அம்மா கூடையைத் தராசில் வைத்தார். "செடி ஒதுங்க வேணாங்க. ஆளுங்க ஒதுங்குனா போதும்."

கங்காணி என்னிடம் தனியாக வேறு மாதிரி பேசினார். அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் பழைய பெரிய டிராக்டர் ஒன்று இருக்கிறதாம், சமவெளி ரப்பர் தோட்டத்தில் ஓடியது, மலிவாகத் தருவாராம். நான் அதையும் யோசிக்காமல் விடவில்லை. தோட்டத்துப் பெரிய டிராக்டரின் டயர் என் தோள் உயரம் வரும். எங்கள் நிலத்தின் மேல்பாதி, சரிவை வெட்டிச் சமன் செய்த மூன்று படிக்கட்டு. அகலமான படி என்று நாங்கள் சொல்வதே இருபதடி. அதில் அந்த வண்டி ஒருமுறை திரும்பினால் கீழ்ப்படியில் கிடக்கும். "வேணாங்க மாமா," என்றேன். "படிச்ச புள்ள, நீயே பாத்துக்க லா," என்றார் அவர், மலாய் லாவைக் கடைசியில் இழுத்து. நான் தோற்றால் நினைவுபடுத்துவதற்காக அந்த வாக்கியத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நிலத்துக்குப் போகும் பாதைதான் எனக்குக் கவலையாக இருந்தது. ரோட்டிலிருந்து அரை மைல். தேயிலை மலையின் ஓரத்தை வெட்டிப் போட்ட பாதை, தோட்டத்துக்குச் சொந்தமானது. நடந்துபோகவும் கூடை வண்டி தள்ளவும், செடியைத் தொடாதவரை வண்டி ஓட்டவும் எங்களுக்கு அனுமதி உண்டு. முக்கால்வாசித் தூரத்தில் ஒரு வளைவு. இடப்பக்கம் தேயிலை மேடு, அதன் உச்சியில் வரிசையாகச் செடிகள். வலப்பக்கம் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. அந்த இரண்டுக்கும் நடுவே நுழைகிற வண்டியை மட்டும்தான் வாங்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அளக்கப் போனோம். அம்மா தன் மட்டக்கம்பைக் கொண்டுவந்தார். கொழுந்து பறிப்பவர்கள் செடியின் தலைமேல் படுக்கவைத்து, மட்டம் பார்த்துப் பறிப்பதற்கான கம்பு அது. கத்தரி வந்த பிறகும் அம்மா அதை விடவில்லை. அவர் உள்ளங்கை பட்டு நடுப்பகுதி வழவழவென்று இருக்கும். அம்மா அதைப் பாறைக்கும் மேட்டுக்கும் நடுவே, ஒரு முனை பாறையில் இடிக்க, நேராகப் பிடித்தார். மறுமுனை மேட்டைத் தொட விரல்கடை தூரம்தான் இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால்கூட அந்தக் கம்பு சாய்ந்திருக்காது. அப்படி ஒரு கை. இரண்டு பக்கமும் உரசாமல் போக வேண்டுமே என்று கம்பின் ஒரு முனையிலிருந்து நாலு விரல் கழித்து, கத்தியால் ஒரு குறி போட்டேன்.

"குறிக்குள்ள இருந்தா வாங்கு. வெளிய போனா வேணாம்," என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் நானும் முதல் பஸ்ஸில் தாப்பாவுக்கு இறங்கினோம். மலையை விட்டு இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். கம்பை மட்டும் அப்பா முழங்காலுக்கு நடுவே நிறுத்திப் பிடித்திருந்தார். கண்டக்டர், "மீன் புடிக்கவா?" என்று கேட்டார்.

டிராக்டர் கடைக்காரச் சீனர், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் முதலாளி, எங்களைப் பார்த்ததும் அப்பாவிடம் மலாயில் பேச ஆரம்பித்தார். எத்தனை குதிரைச் சக்தி, எவ்வளவு எண்ணெய் குடிக்கும், எத்தனை வருஷம் உழைக்கும் என்று எல்லாவற்றையும் அப்பாவைப் பார்த்தே சொன்னார். நான் கேட்ட கேள்விகளுக்கும் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, கம்பால் என்னைக் காட்டினார்.

"தவுக்கே, எனக்குப் படிக்கத் தெரியாது. வாங்குறது அவ. அவகிட்டப் பேசு."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசினார். நானும் விடவில்லை. இரண்டு சிறிய டிராக்டர்கள் நின்றன. ஒன்று கொஞ்சம் பெரியது, பின்சக்கரம் மட்டும் இழுக்கும். இன்னொன்று சின்னது, நாலு சக்கரமும் இழுக்கும். சரிவில், ஈர மண்ணில் எது நிற்கும் என்று கேட்டேன். பெரியதில்தான் அவருக்கு லாபம் இருந்திருக்கும். ஆனாலும் சின்னதைத்தான் தட்டிக் காட்டினார். அந்த நேர்மைக்காக அவர் என்னைப் பார்க்காமல் பேசியதை மன்னித்துவிட்டேன். கையேட்டைக் கேட்டு வாங்கி, கடை வாசலில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. பாதி புரிந்தது, மீதியை வீட்டில் அகராதி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பிறகு கம்பை எடுத்து டிராக்டருக்குக் குறுக்கே பிடித்தேன். அம்மா பிடித்த மாதிரியே, இடுப்பு உயரத்தில். பின்சக்கரங்களுக்கு மேலே இருக்கும் தகரம் குறிக்குள் அடங்கியது. இரண்டு விரல்கடை மிச்சம்கூட இருந்தது. பெரிய டிராக்டர் குறியைத் தாண்டி நின்றது. கடையில் வேலை செய்த பையன்கள் கம்பைப் பார்த்துச் சிரித்தார்கள். டேப் இருக்கிறது, தரட்டுமா என்று ஒருவன் கேட்டான். வேண்டாம் என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு! ஐந்தாம் படிவத்தில் கணக்கில் நல்ல தேர்ச்சி பெற்றவள், ஒரு டேப்பை வேண்டாம் என்றேன்.

மண் கிளறும் சுழல் கலப்பையையும் சேர்த்து எடுத்தோம். ரோட்டரி என்று அதைச் சொல்வார்கள். கடையின் பின்புறத் திடலில் மெக்கானிக் ஒருவர் எனக்கு ஓட்டக் காட்டினார். முதல் தடவை பின்னால் போனேன். இரண்டாம் தடவை முன்னால் போனேன். ஆறாம் தடவை அப்பா திடலுக்குள் வந்து நின்றார். அதுவரை அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

ஒரு வாரம் கழித்து வண்டியை ஏற்றிவரப் போனோம். எங்கள் கோஸைக் கீழே கொண்டுபோகும் லோரிதான். காய்கறியை இறக்கிவிட்டு வெறும் கூடைகளோடு மலையேறும் அந்த வண்டியில் டிராக்டரை ஏற்றிவருவதாக டிரைவர் ஒப்புக்கொண்டிருந்தார். அப்பாவை மாமா என்பார், என்னைக் கேலியாக டீச்சரம்மா என்பார். கடையில் பலகை போட்டு ஏற்றினார்கள். அவர் கோஸ் கூடையைக் கட்டுகிற மாதிரி கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டினார்.

அப்பா முன்னால் உட்கார மறுத்துவிட்டார். பின்னால் ஏறி, கூடைகளுக்கு நடுவே, டிராக்டரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாமா, அது மாடு இல்ல. மெரளாது," என்றார் டிரைவர்.

"நீ ஓட்டுறதப் பாத்தா மெரளும் லா," என்றார் அப்பா.

தாப்பாவிலிருந்து ஏறுகிற பாதையில் நேரான இடம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் கயிறு முனகுவது கேட்டது. ரிங்லெட்டில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது நான் பின்னால் ஏறிப் பார்த்தேன். கயிறு எல்லாம் முன்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தது, வண்டி பின்னால் சரியாமல் இருக்க. ஏறும்போது அது சரி. தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் தாண்டி கியா பார்ம் வரைக்கும் ஏற்றம். அதற்குப் பிறகு திரிங்காப்புக்கு இறக்கம். இறக்கத்தில் டிராக்டர் முன்னால் வரும். முன்னால் இருந்தது எங்கள் இருக்கையும் அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய தகரமும்.

கியா பார்மில் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான் டீச்சரம்மா. மழ வருது."

"அண்ணே, பின்பக்கமும் இழுத்துக் கட்டணும். எறங்கும்போது அது நம்ம மேல வரும்."

"நான் பத்து வருஷமா இந்த ரோட்ல ஓட்டுறேன்."

"பத்து வருஷமா கோஸ் ஏத்துறீங்க. கோஸ் உருண்டா கொழம்புக்காவது ஆவும்."

காய்கறிக் கடை வைத்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். டிரைவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் இறங்கினார். முன் அச்சில் இருபக்கமும் கயிறு போட்டு பின்னால் இழுத்தோம். டயர்களுக்கு முன்னால் வைக்க அங்கே கிடந்த கட்டைகளைக் கேட்டு வாங்கினேன். இறக்கத்தில் மூன்றாம் வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தது, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். பின்னால் கட்டை கிறீச்சிட்டது, டிராக்டர் நகரவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னை டீச்சரம்மா என்றபோது கேலி குறைந்திருந்தது.

எங்கள் பாதை ரோட்டில் சேரும் இடத்தில், காய்கறி ஏற்றுவதற்காக லோரி உயரத்துக்கு ஒரு மண்திட்டு உண்டு. அதில் லோரியின் பின்புறத்தை அணைத்து, பலகை போட்டு, நானே டிராக்டரை இறக்கினேன். பலகை வளைந்தது. இறங்கிவிட்டது. டிரைவரும் கூடவே நடந்து வந்தார், வேடிக்கை பார்க்கத்தான். அரை மைல் பாதையில் முதல் கியரில் போனேன். அப்பா முன்னால் நடந்து கல்லைப் பொறுக்கிப் போட்டார். எனக்கு உரக்கப் பாட வேண்டும்போல இருந்தது.

பாறை வளைவில் வண்டி நின்றுவிட்டது.

முதலில் எனக்குப் புரியவில்லை. இடப்பக்கம் மேட்டுக்கும் தகரத்துக்கும் இடையே இடம் தெரிந்தது. வலப்பக்கமும் தெரிந்தது. கொஞ்சம் வேகம் கொடுத்தேன். இடது பின்சக்கரம் மேட்டின் அடியில் ஏறியது, வண்டி பாறைப் பக்கம் சாய்ந்தது. "நிறுத்து! நிறுத்து புள்ள!" என்று அப்பா கத்தினார். நிறுத்திப் பின்னால் எடுத்தேன். இறங்கிக் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது.

மேடு நேராக இறங்கவில்லை. கீழே வர வர பாதைக்குள் காலை நீட்டியிருந்தது. பாறையின் அடியும் வயிறு தள்ளிய மாதிரி பாதைக்குள் பிதுங்கியிருந்தது. இடுப்பு உயரத்தில் இருந்த அகலம் தரையில் இல்லை. அங்கே ஒரு சாண் குறைந்தது. தேயிலைக்காரர்கள் நாங்கள். செடியின் தலையைப் பார்த்தே பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் கண்ணும் கையும் இடுப்பு உயரத்திலேயே அலைந்து பழகியவை. அம்மா கம்பை அங்கேதான் பிடித்தார். நான் கடையிலும் அங்கேதான் பிடித்தேன். சக்கரம் ஓடுவது தரையில் என்பதை இரண்டு பேரும் நினைக்கவில்லை.

வேலை விட்டு வந்த கொழுந்துப் பெண்கள் மேட்டின் மேலே நின்று பார்த்தார்கள். அம்மாவும் இருந்தார். கங்காணியும் இருந்தார். அவருக்கு மேலிருந்து நன்றாகத் தெரிந்தது.

"மேட்ட வெட்டிப்புடலாம் மாமா. ரெண்டு மண்வெட்டி போதும்," என்றார் டிரைவர்.

"ஒரு செடி வேரு அசஞ்சாலும் தொரை பாதையையே மூடிடுவாரு," என்றார் கங்காணி மேலிருந்து. அவர் சொன்னது உண்மை. அப்பா மேட்டைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமல் டிராக்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சேமநிதி முழுக்க அங்கே நின்றது. நில அலுவலகத்துக்காரர் திரும்பி வர இன்னும் இரண்டரை வாரம்தான் இருந்தது.

"படிச்ச புள்ள அளந்தது," என்றார் கங்காணி. பத்திரப்படுத்திய வாக்கியம் வெளியே வந்தது.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்ற ஒரே பிடிவாதத்தில், கையேட்டை எடுத்துக்கொண்டு டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். தூறல் விழுந்தது. அம்மா மேட்டிலிருந்து சுற்றி இறங்கிவந்து, என் தலைக்கு மேல், மழைக்குப் போர்த்தும் தன் பிளாஸ்டிக் படங்கைப் பிடித்தார்.

வீட்டில் அகராதி வைத்துப் படித்தபோது ஒரு படத்தைத் தாண்டிப் போயிருந்தேன். இரண்டு பின்சக்கரங்கள், அவற்றின் நடுத்தட்டு ஒரு படத்தில் வெளியே தள்ளியும் இன்னொரு படத்தில் உள்ளே வாங்கியும். அடியில் இரண்டு அளவுகள். நமக்கு வேண்டாத ஏதோ ஒன்று என்று அன்று நினைத்தேன். இப்போது வரிவரியாகப் படித்தேன். சக்கரங்களைக் கழற்றி, இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டினால் நடுத்தட்டு திரும்பிவிடும், சக்கரம் உள்ளே போகும், வண்டி ஒடுங்கும். எவ்வளவு ஒடுங்கும் என்று படத்தில் இருந்தது. அம்மாவிடம் கம்பை வாங்கி, குனிந்து, தரையில் படுக்கவைத்து அளந்தேன். போதும். மயிரிழைதான் மிச்சம், ஆனால் போதும்.

"அண்ணே, ஒங்க லோரியில ஜாக் இருக்கா?"

டிரைவர் போய் ஜாக்கையும் நட்டுக் கழற்றும் சாவிகளையும் கொண்டுவந்தார். சக்கரம் ஒடுங்கினால் பின்னால் மாட்டியிருந்த ரோட்டரி அதைவிட அகலமாக நிற்கும் என்பதால் அதை முதலில் கழற்றினோம். சக்கரத்தைக் கழற்றியதும் அவர், எடுத்ததை அதே பக்கத்திலேயே திருப்பிப் போட்டால் வேலை மிச்சம் என்றார். நான் டயரில் அம்பு மாதிரி ஓடும் பல்லைக் காட்டினேன். அதே பக்கத்தில் திருப்பினால் பல் பின்னோக்கிப் போய்விடும், சேற்றில் பிடிக்காது. இடம் மாற்றினால்தான் பல் முன்னோக்கியே இருக்கும். அவர் டயரைப் பார்த்தார், கையேட்டுப் படத்தைப் பார்த்தார்.

"சரி லா. உருட்டு," என்றார்.

அப்பாவால் குனிய முடியாது. அதனால் தரையில் முழுதாகவே உட்கார்ந்துகொண்டு நட்டுகளை முடுக்கினார். கவாத்துக் கத்தி பிடித்த மணிக்கட்டுக்கு அந்தச் சாவி ஒரு பொருட்டே இல்லை. அவர் முடுக்கியதை டிரைவரால் அசைக்க முடியவில்லை.

இருட்டுவதற்குள் முடிந்தது. சக்கரம் ஒடுங்கினால் வண்டி சுலபமாகச் சாயும் என்று கையேடு எச்சரித்திருந்தது. ஆகவே எல்லாரையும் ஒதுங்கச் சொன்னேன். மேட்டிலிருந்த கங்காணியையும்.

"மாமா, கொஞ்சம் ஒதுங்குங்க."

அவர் ஒதுங்கினார். கீழே அம்மா தரையைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து, இரண்டு கையாலும் வழி காட்டினார். "எடது. எடது. போதும். நேரா வா." பாறை டயரில் உரசிக் கறுப்பாக ஒரு கோடு வாங்கிக்கொண்டது. வண்டி அந்தப் பக்கம் போய் நின்றது.

ரோட்டரியை எட்டுப் பெண்கள் இரண்டு மூங்கிலில் கட்டித் தூக்கிவந்தார்கள். "சாமிகூட இவ்வளவு கனம் இல்லடி," என்று ஒருத்தி முனகினாள். "சாமி உழுவாதுல்ல," என்றாள் இன்னொருத்தி. அவர்கள் பின்னால் வந்த கங்காணி, மூங்கில் வழுக்கிய இடத்தில் ஒரு தோள் கொடுத்தார்.

மறுநாள் நிலத்தில் வைத்துச் சக்கரங்களைப் பழையபடி வெளியே மாற்றினோம். அகலமாகக் கால் ஊன்றினால்தான் படிக்கட்டில் நிற்கும். லாலாங்கையும் பெரணியையும் அப்பா நின்றபடியே நீளப்பிடி அரிவாளால் சாய்த்தார். ஆபீஸ் வேலைக்குப் போகுமுன் விடியலில் கொஞ்சம், வந்தபின் கொஞ்சம், ஞாயிறு முழுக்க என்று நான் உழுதேன். லாலாங் கிழங்கு ரோட்டரியில் சுற்றிக்கொள்ளும். நிறுத்தி, இறங்கி, வெட்டி எடுத்து, மறுபடி ஏறுவேன். முதல் படியின் விளிம்பில் ஒருமுறை மண் சரிந்தது. அதற்குப் பிறகு விளிம்பிலிருந்து ஒரு கம்பு தூரம் உள்ளேயே ஓட்டினேன். டைப் அடிக்கும் விரல்களில் கிரீஸ் போகவில்லை. கிராணி என் தாள்களில் கறை பார்த்துவிட்டு, "கொஞ்சம் கழுவிட்டு வாம்மா," என்பார். கழுவிவிட்டுத்தான் வந்திருப்பேன்.

நில அலுவலக அதிகாரி சொன்ன நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டார். சனிக்கிழமை மாலை. இரண்டு படியில் கோஸ் நாற்று நட்டிருந்தோம். மூன்றாவது உழுது முடிந்து வெறும் மண்ணாகக் கிடந்தது. நான் டிராக்டரில் இருந்தேன். நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"அது இன்னும் நடவில்லையே," என்றார் அவர் மேல்படியைக் காட்டி.

"நாளைக்கு நடுவோம். நாற்று தயாராக இருக்கிறது."

அவர் மேலே ஏறிப்போய் மண்ணைக் கையில் எடுத்து நொறுக்கினார். டயர் தடத்தைப் பார்த்தார். யார் உழுதது என்று அப்பாவிடம் கேட்டார்.

"என் மகள்," என்றார் அப்பா மலாயில்.

"அந்தப் பாறை இடுக்கில் இதை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? நான் வரும்போது பார்த்தேனே."

நான் சொன்னேன். சக்கரத்தை மாற்றியதைச் சொன்னேன். இடுப்பில் அளந்ததைச் சொல்லவில்லை. அதை அப்பாவே சொல்லிவிட்டார், கம்பைப் பிடித்து நடித்துக் காட்டி. அதிகாரி சத்தமாகச் சிரித்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து டிராக்டரின் முன்பக்கத் தகரத்தின் மேல் வைத்தார். மேல்பாதியும் சேர்த்து, முழு இரண்டு ஏக்கருக்கும். அப்பா பெருவிரலை ஊன்றினார். நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். தாளின் ஓரத்தில் என் விரலின் கிரீஸும் ஒட்டியது.

மறுநாள் காலையிலேயே மூன்றாவது படியில் நாற்று நட ஆரம்பித்தோம். அம்மா வரிசைக்கு வரிசை இடைவெளி சரியாக இருக்க மட்டக்கம்பைக் கொண்டுவந்திருந்தார். குனிந்து, அதை மண்ணில் படுக்கவைத்து, இரண்டு முனையிலும் விரலால் குழி போட்டார்.

அப்பா நாற்றுத் தட்டோடு நின்று பார்த்தார். "இப்பத்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் தரை கண்ணுக்குத் தெரியுது."

"நீங்க குனிஞ்சு பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்," என்றார் அம்மா நிமிராமல். "பேசாம நாத்தக் குடுங்க."